நாளுக்கொரு நங்கூரம்

கொட்டியாரக்குடாவை அண்டி வாழும் மக்களின் அன்றாட வாழ்வு தண்ணீரைக் கடப்பதோடு பிணைந்த ஒன்று. கிண்ணியாவைத் திருகோணமலைப் பக்கத்தோடு இணைக்கும் 396 மீற்றர் நீளமான பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை, சந்தைக்கும் வைத்தியசாலைக்கும் கந்தோருக்கும் போகிறவர்கள் படகுப்பாதையை நம்பியே நாளைத் தொடங்கினார்கள். கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டும் வேலை நடந்த காலத்திலும் மக்கள் படகுப்பாதையிலேயே கடந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அந்தப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னர், 2004 டிசம்பர் 26இல், இதே கிண்ணியாவைச் சுனாமி தாக்கியிருந்தது. அவற்றுக்கு இடையிலும் முன்னும் போர் இருந்தது.

இத்தகைய இழப்புகளைப் பற்றி எழுதும்போது உயிரையும் உடைமையையும் கணக்கிடுகிறோம். அவற்றோடு சேர்ந்து போகும் இன்னொன்றை அதிகம் பேசுவதில்லை. அதுதான் நாளின் ஒழுங்கு. காலையில் பிள்ளையை எழுப்புவது, தலை வாருவது, சோறு கட்டிக் கொடுப்பது, வாசலில் நின்று பார்ப்பது என்பவை எல்லாம் நாம் யோசியாமலே செய்யும் வேலைகள். பிள்ளை போன பின் அதே காலை நேரம் தாயைக் குத்துகிறது. நேரத்துக்கு எழும்ப முடிவதில்லை, நேரத்துக்கு உண்ண முடிவதில்லை, இரவு முழுவதும் கண் மூடுவதில்லை. பேரிடர் காணாத வீடுகளிலும் இது வேறு வடிவில் நடக்கிறது. வாராவாரம் வாசலுக்கு வரும் நுண்கடன் தவணை, வெளிநாட்டு வேலைக்குப் போன தாயின் தொலைபேசிக்காகக் காத்திருத்தல், மழை பிழைத்த பெரும்போகம், குடி ஆகிய ஒவ்வொன்றும் நாளைச் சிறிது சிறிதாகக் குலைக்கிறது.

குலைந்த நாளை மீண்டும் எப்படிக் கட்டுவது? மனதுக்கு நலம் தரும் அன்றாட ஒழுங்கு ஒன்றை ஏழை வீட்டிலும் ஏற்படுத்த முடியுமா? இக்கட்டுரை இந்தக் கேள்விகளைப் பற்றியது.

சொல் வந்த வழி

‘மைன்ட்ஃபுல்னெஸ்’ என்ற சொல் இன்று வானொலியிலும் கைத்தொலைபேசியிலும் அடிபடுகிறது. செய்வதை அறிந்து செய்தல், மனம் எங்கே நிற்கிறது என்று கவனித்தல் என்று அதனை எளிதாகச் சொல்லலாம். விழிப்புணர்வு என்றும் மனக்கவனம் என்றும் எழுதுகிறார்கள். இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அதன் வேர் எமது தீவுக்கு மிக அருகில் உள்ளது.

பௌத்த நூல்களில் வரும் ‘சதி’ என்ற பாளிச் சொல்லின் அடிப்பொருள் நினைவு. வடமொழியின் ‘ஸ்மிருதி’யும் அதுவும் ஒன்றே. அதற்கு இந்த ஆங்கிலச் சொல்லை 1881இல் வழங்கியவர் ரீஸ் டேவிட்ஸ். அவர் அதற்கு முன்னர் இலங்கைச் சிவில் சேவையில் உத்தியோகத்தராக இருந்தவர். இங்கேதான் பாளி மொழியில் ஈடுபாடு கொண்டார். பின்னர் ஜெர்மனியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்து இலங்கையில் துறவியான ஞானபொனிக தேரர், கண்டியில் வாழ்ந்துகொண்டு இப்பயிற்சியை உலகுக்கு விளக்கி எழுதினார். 1994இல் அவர் கண்டியிலேயே காலமானார். அமெரிக்காவின் மசசூசெற்ஸ் பல்கலைக்கழக வைத்தியசாலையில் ஜோன் கபட்-சின் என்பவர், தீராத நோவோடு வந்த நோயாளருக்கென 1979இல் ஒரு பயிற்சியாக இதனை அமைத்தார். அங்கிருந்துதான் அது மருத்துவ உலகில் பரவிற்று.

இந்த வரலாற்றைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. இது படித்தவர்களுக்கும் வசதியுள்ளவர்களுக்கும் உரிய பொழுதுபோக்கு அல்ல. கவனத்தோடு வாழ்தல் ஒவ்வொரு சமயத்தாரின் வீட்டிலும் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது.

எமது வீட்டில் உள்ள முதல்

கிண்ணியாவிலும் குறிஞ்சாக்கேணியிலும் நாள் ஐந்து வேளைத் தொழுகையால் அளக்கப்படுகிறது. சுபஹ், ளுஹர், அஸர், மஃரிப், இஷா என்ற ஐந்தும் நாளுக்கு நாட்டிய ஐந்து கம்பங்கள் போன்றவை. தொழுகைக்கு முன்னர் வுழூச் செய்கிறார்கள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரை, தலை, கணுக்கால் வரை என்று ஒழுங்கு தப்பாமல் தண்ணீர் படுகிறது. தொழுகையில் உடல் நிற்க மனம் அலையக்கூடாது என்பதற்காக ‘உள்ளச்சம்’ என்ற சொல்லை மௌலவிமார் வலியுறுத்துவதை முஸ்லிம் வாசகர்கள் நன்கு அறிவார்கள். கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை மணி ஒலிக்க, வேலையை நிறுத்தித் திரிகாலச் செபம் சொல்லும் வழக்கம் உண்டு. இரவில் அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையும் உண்டு. சைவ வீடுகளில் மாலை விளக்கேற்றும் நேரத்தில் வீடு ஒரு கணம் அடங்குகிறது.

இந்த வழக்கங்களை மருந்தாகவும் பயன்படுத்தலாம் என்று வடக்கில் செய்து காட்டியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். யாழ்ப்பாணத்தில் போரால் பாதிக்கப்பட்டு உறக்கமின்மை, படபடப்பு, உடல் நோவு என்று வந்தவர்களுக்கு, அவரவர் சமயத்துக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற தளர்வுப் பயிற்சிகளை அவரும் அவரோடு பணியாற்றியவர்களும் கற்பித்தார்கள். சைவருக்கு மந்திர உச்சாடனம், முஸ்லிமுக்கு திக்ர், கிறிஸ்தவருக்குச் செபமாலையோ இயேசுவின் திருநாமமோ, பௌத்தருக்கு மூச்சைக் கவனிக்கும் தியானம் என்று அமைந்தது அந்த முறை. புதிதாக ஒன்றை இறக்குமதி செய்வதைவிட, மக்கள் கையில் இருக்கும் முதலைக் கொண்டு தொடங்குவதே நல்லது என்பது அதன் பாடம். கிராம அபிவிருத்தியிலும் நாம் இதைத்தானே சொல்லி வருகிறோம்!

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்கம் இருப்பது வேறு, வழக்கத்தில் நாம் இருப்பது வேறு. செபமாலை விரலில் உருள, மனம் கடன்காரனோடு வாதாடிக்கொண்டிருக்கலாம். மனம் அலைவது குற்றமல்ல. அது அதன் இயல்பு. அலைந்தது தெரிந்தவுடன் கோபமில்லாமல் அதைத் திரும்ப அழைத்து வருவதே பயிற்சி. நூறு முறை அலைந்தால் நூறு முறை அழைக்கலாம்.

“மூச்சு விடவே நேரமில்ல”

மாதர் சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேசும்போது அடிக்கடி எழும் மறுமொழி ஒன்று உண்டு: “ஃபாதர், எங்களுக்கு மூச்சு விடவே நேரமில்ல. இதுல மூச்சக் கவனிக்கவும் சொல்றீங்களா?”

இது நியாயமான கேள்வி. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, தண்ணீர் அள்ளி, பிள்ளைகளை அனுப்பி, கூலிக்குப் போய், திரும்பி வந்து சமைத்து, இரவில் கடைசியாகப் படுக்கும் பெண்ணிடம் ‘தினமும் அரை மணி நேரம் அமைதியாக இருங்கள்’ என்று சொல்வது அவளுக்கு இன்னொரு சுமையை ஏற்றுவதாகும். ஆகவே புதிய வேலை ஒன்றைச் சேர்க்கத் தேவையில்லை. தினமும் தவறாமல் செய்யும் வேலைகளில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து, அதனை அறிந்து செய்தால் போதும். அதுவே அந்த நாளின் நங்கூரம். படகு அசையும், ஆனால் அடித்துச் செல்லப்படாது.

எடுத்துக்காட்டாகச் சில:

காலையில் முகம் கழுவும்போதோ வுழூச் செய்யும்போதோ, தண்ணீரின் குளிர்ச்சியை ஒவ்வோர் இடத்திலும் உணர்ந்து செய்யலாம். வேறெதையும் அந்த ஒரு நிமிடத்தில் தீர்க்க வேண்டியதில்லை.

முதல் தேநீரை நின்றுகொண்டே விழுங்காமல், இருந்து, கைத்தொலைபேசியைத் தூர வைத்துவிட்டுக் குடிக்கலாம். சூட்டையும் மணத்தையும் சுவையையும் கவனிக்கலாம்.

கிணற்றடிக்கோ வயலுக்கோ நடக்கும்போது, பாதம் மண்ணில் படுவதை இருபது அடிகளுக்காவது உணர்ந்து நடக்கலாம்.

பிள்ளை பாடசாலையால் வந்ததும், கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு அதன் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு, பதிலை முழுவதும் கேட்கலாம். இது பிள்ளைக்கும் நங்கூரம்.

இரவு படுக்குமுன், இன்று நடந்தவற்றில் நன்றி சொல்லக்கூடிய ஒன்றையும் மனதை வருத்திய ஒன்றையும் பெயர் சொல்லி இறைவனிடமோ கணவனிடமோ மனைவியிடமோ ஒப்படைக்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒன்றே போதும். ஒரு பழக்கம் பதிய எவ்வளவு காலம் எடுக்கும்? இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரங்கள் அவதானித்தார்கள். காலை உணவின் பின்னர் போன்ற ஒரு நிலையான வேளையோடு சிறிய செயலொன்றை இணைத்துச் செய்யும்படி அவர்களிடம் கேட்கப்பட்டது. அச்செயல் யோசியாமலே வரும் பழக்கமாவதற்குச் சராசரி 66 நாட்கள் சென்றன. சிலருக்கு 18 நாட்கள் போதும். சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறுவது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை என்பது அவர்கள் கண்ட இன்னொரு முடிவு. ‘இன்று விட்டுப்போயிற்று, இனி எனக்கு இது சரிவராது’ என்று கைவிடுகிறவர்கள் இதை மனதில் கொள்வது நல்லது.

ஆண்களுக்கும் இது புதியதல்ல. கடலுக்குப் போகும் மீனவர் வள்ளத்தைத் தள்ளுமுன் வானத்தையும் காற்றையும் நீரோட்டத்தையும் பார்க்கிறார். கச்சானா வாடையா என்று முகத்தில் படும்போதே அறிகிறார். அந்தக் கவனம் உயிரைக் காக்கிறது. அதே கண்ணை ஒரு கணம் உள்ளே திருப்பி ‘இன்று எனக்குள் என்ன காற்று வீசுகிறது?’ என்று பார்க்கப் பழகியவர், மாலையில் வீட்டுக்குள் புயலைக் கொண்டு போகமாட்டார்.

கண்ணைத் திறந்துகொண்டே

ஓர் எச்சரிக்கை அவசியம். ‘கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள்’ என்பது எல்லாருக்கும் ஏற்றதல்ல. நீரில் மூழ்கித் தப்பியவருக்கும், தம் கண்முன் பிறர் மூழ்கக் கண்டவருக்கும், மூச்சில் கவனத்தை வைப்பதே அந்தக் கணத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். மூச்சுத் திணறல், நெஞ்சிடி, பயம் உண்டாகலாம். இத்தகையோரை வற்புறுத்தவே கூடாது. அவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே, இரு பாதங்களையும் நிலத்தில் ஊன்றி, தம்மைச் சுற்றித் தெரியும் ஐந்து பொருட்களைப் பெயர் சொல்லலாம். கேட்கும் ஓசைகளை எண்ணலாம். கையில் ஒரு கல்லையோ செபமாலையையோ தஸ்பீஹ் மணியையோ பிடித்து அதன் பாரத்தை உணரலாம். ‘நான் இப்போது இங்கே, கரையில் இருக்கிறேன்’ என்று மனதுக்கு உணர்த்துவதே இதன் நோக்கம்.

வாரக்கணக்கில் உறக்கமில்லாமை, உண்ண மனமின்மை, குடியில் மூழ்குதல், வாழ விருப்பமில்லை என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால், பயிற்சியை மட்டும் நம்பி இருக்கக்கூடாது. வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ உளவளத்துணையாளரையோ நாட வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசிச் சேவையையும் அழைக்கலாம்.

கூடிச் செய்வதன் பலன்

தென் சூடான் போரிலிருந்து தப்பி உகண்டாவில் அகதிகளாக வாழும் பெண்களிடையே நடந்த ஆய்வொன்று எமக்கு மிகவும் பொருந்துகிறது. அதன் முடிவுகள் 2020இல் வெளிவந்தன. 14 கிராமங்களைச் சேர்ந்த 694 பெண்கள் அதில் பங்குபற்றினார்கள். உலக சுகாதார நிறுவனம் தயாரித்த இப்பயிற்சி, வாரம் ஒரு தடவை என்று ஐந்து அமர்வுகளைக் கொண்டது. இருபது முப்பது பெண்கள் ஒன்றாக இருந்து ஒலிப்பதிவைக் கேட்டுப் பயின்றார்கள். படங்கள் நிறைந்த சிறு நூலொன்றும் கொடுக்கப்பட்டது. நடத்தியவர்கள் வைத்தியர்களல்லர்; குறுகிய காலப் பயிற்சி பெற்ற சாதாரணப் பெண்களே. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்களின் மனத்துயர் மற்றவர்களைவிடக் குறைந்தது. பயிற்சி முடிந்தவுடன் காணப்பட்ட பலன் மூன்று மாதங்களின் பின் சற்றுத் தேய்ந்திருந்தது. ஆயினும் முற்றாக மறையவில்லை.

இதிலிருந்து இரண்டு விடயங்களைக் கற்கலாம். ஒன்று, பெருஞ்செலவும் நிபுணர்களும் இல்லாமலே கிராமத்தில் இதைத் தொடங்கலாம். மற்றது, செயலமர்வு நடத்திச் சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவதால் மட்டும் அது நிலைக்காது. ஊரின் வழக்கத்தோடு கலந்தால்தான் நிலைக்கும். மாதர் சங்கம், மீனவர் சங்கம், சேமிப்புக் குழு ஆகியவை ஒவ்வொரு கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடங்களை இதற்கு ஒதுக்கலாம். வந்தவர்கள் மௌனமாக இருந்து, பின்னர் ‘இந்த வாரம் எப்படி இருந்தது?’ என்று ஒருவரையொருவர் கேட்கலாம். கணக்குப் புத்தகத்தைத் திறக்குமுன் ஆளைப் பார்க்கும் பழக்கம் சங்கத்துக்கும் நல்லது.

வீட்டிலும் இடம் வேண்டும். தாய் பத்து நிமிடம் இருந்து தேநீர் குடிப்பதற்கு, அந்தப் பத்து நிமிடமும் பிள்ளையை வேறொருவர் பார்க்க வேண்டும். ஒருவரின் அமைதிக்கு மற்றவரின் கை உதவி தேவை. கணவன் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதால் அவன் குறைந்துவிடுவதில்லை.

பாலத்துக்குப் பதிலாக அல்ல

இறுதியாக, இப்பயிற்சியைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். துன்பப்படுகிறவரிடம் ‘மனதை அமைதிப்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது மிக மலிவானது. பாதுகாப்பான பாலம் கட்டுவதும், படகுக்கு உயிர்காப்பு அங்கி கொடுப்பதும், அநியாய வட்டியை நிறுத்துவதும் செலவு மிக்கவை. மலிவானதைக் கொடுத்துச் செலவானதை மறக்கச் செய்வது அநீதி.

எமது நாட்டிலேயே இதற்குத் தெளிவான பாடம் உண்டு. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அன்று உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு முதல் மிகக் கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ எழுபது சதவீதம் குறைந்தது. இதில் மிகப் பெரிய பங்கு, நஞ்சைக் கைக்கு எட்டாமல் செய்த சட்டத்துக்கே உரியது என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். உள்ளத்தைத் தேற்றுவது எவ்வளவு தேவையோ, சூழலைத் திருத்துவதும் அவ்வளவு தேவை.

பேரிடர்க் காலத்தில் உளநல உதவி எப்படி அமைய வேண்டும் என்று சர்வதேச உதவி நிறுவனங்கள் இணைந்து 2007இல் வெளியிட்ட வழிகாட்டியும் இதையே ஒரு கூம்பு வடிவில் காட்டுகிறது. அடித்தளத்தில் இருப்பவை பாதுகாப்பும் அடிப்படைச் சேவைகளும். அதற்கு மேல் குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவு. அதற்கு மேல் பயிற்சி பெற்ற பணியாளர்களின் உதவி. உச்சியில், சிலருக்கு மட்டும் தேவைப்படும் சிறப்பு மருத்துவம். அடித்தளம் இல்லாமல் உச்சியைக் கட்ட முடியாது.

ஆனால் பாலம் வரும்வரை வாழ்வு காத்திருப்பதில்லை. இன்றைக்கும் விடியும், இன்றைக்கும் அடுப்பு எரிய வேண்டும். உறக்கமின்றி, கோபத்தாலும் துயராலும் சிதறிக் கிடக்கும் மனிதனால் தன் உரிமைக்காகத் தொடர்ந்து நிற்க முடியாது. ஒரு கோரிக்கைக் கடிதத்தைப் பத்து முறை எடுத்துச் செல்வதற்கும், பதினோராம் முறையும் தளராமல் வாசலில் நிற்பதற்கும் உள்ளத்தில் ஓர் உறுதி வேண்டும். அந்த உறுதி பெரிய கூட்டங்களில் பிறப்பதில்லை. தினமும் ஒரு கோப்பைத் தேநீரை, ஒரு வாளித் தண்ணீரை, ஒரு பிள்ளையின் முகத்தை அறிந்து நோக்கும் சிறிய பழக்கத்தில் அது சேர்கிறது. தன் நாளைத் தன் கையில் வைத்திருப்பவரை எவரும் எளிதில் அசைத்துவிட முடியாது.

குழுவாகச் சிந்திக்க:

1. உங்கள் நாளில் ஏற்கெனவே தவறாமல் நடைபெறும் செயல்கள் எவை? அவற்றுள் எதனை உங்கள் நங்கூரமாகத் தெரிந்தெடுப்பீர்கள்?

2. உங்கள் வீட்டில் யாருக்கு ஓய்வு நேரம் மிகக் குறைவு? அவருக்குப் பத்து நிமிடம் கிடைக்க மற்றவர்கள் எதை விட்டுக்கொடுக்கலாம்?

3. உங்கள் ஊரில் மக்களின் மனநிம்மதியைக் கெடுக்கும் எந்தக் குறையைக் கூட்டாக முயன்றால் மாற்றலாம்? அதற்கான முதற்படி என்ன?